கிணற்றுக்குள் படம் பார்த்த இடைவேளை அண்ணை

ஒரு படமும் எடுக்காமலே நூறு படம் எடுத்து முடித்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் கொக்குவிலில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடைப் பலகையில் அவருடைய சொந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது. ‘இடைவேளை அண்ணை’ என்று கேட்டால் ரயிலில் போகிறவரும் இறங்கி வந்து வழி காட்டுவார்.

விஞ்ஞானக் கதை, மாயாஜாலக் கதை என்றால் அவருக்கு உயிர். வேற்றுக்கிரகம், காலப்பயணம், பேசும் மலை, பறக்கும் பாம்பு, எதுவானாலும் வாசிப்பார். வாசித்து முடித்ததும் ஒரே கவலை பிடித்துக்கொள்ளும். இதை ஏன் இன்னும் ஒருவரும் படமாக எடுக்கவில்லை?

“காதலிச்சுக் கலியாணம் கட்டுறதை எத்தினை தரம் எடுப்பாங்கள்? அதை எங்கடை ஒழுங்கையிலையே வாசலிலை நிண்டு பாக்கலாம். சந்திரனிலை வெங்காயம் நடுகிறவனை எங்கை போய்ப் பாக்கிறது?” என்று கேட்பார். கேட்கப்படுகிறவரின் முகத்தில் சோதனைக் கண்ணாடி இரும்புத்தொப்பி மாதிரிக் கனத்துக்கொண்டிருக்கும். பாவம், அவரால் தலையாட்டவும் முடியாது.

நான் முதல்முதல் அங்கே போனது தலையிடியோடு. தூரப்பார்வைக்கு மற்றக் கடைகளில் இருப்பது போல எழுத்துப் பலகைதான். கிட்டப்பார்வைக்கு மட்டும் கையில் ஒரு நாவலைத் தந்தார். “வலக்கண்ணாலை வாசியுங்கோ தம்பி.”

வாசித்தேன். ஒரு பெண் கதவைத் திறக்கிறாள். வாசலில் நேற்றைய அவளே நிற்கிறாள். அண்ணை சோதனைக் கண்ணாடியில் வில்லையை மாற்றினார். “இப்ப எப்பிடி?”

“தெளிவாத் தெரியுது அண்ணை. ஆனா நேற்றைய அவள் ஏன் வந்தவள்?”

“அது இடக்கண்ணுக்கு” என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

இரண்டு கண்ணும் முடிந்த பிறகு நாவலை வாங்கி வைத்துவிட்டு மீதிக் கதையைத் தானே சொல்லத் தொடங்கினார். சொல்லவில்லை, படமே ஓட்டினார். வில்லைகளை விரல் இடுக்கில் பிடித்துக் கமெரா நகரும் விதம் காட்டினார். அந்த நேரம் ரயில் கடந்தது. அலுமாரியில் இருந்த சட்டகங்கள் எல்லாம் கிடுகிடுத்தன. “பாத்தியளே, விண்கப்பல் இறங்குது” என்றார் மேலே காட்டி. நானும் நிமிர்ந்து பார்த்தேன். அவள் அந்த வாசலைத் தாண்டுவதற்குக் காலைத் தூக்கிய கணத்தில் அண்ணை கைதட்டினார். “இடைவேளை. மிச்சம் படத்திலை பாருங்கோ.”

அதுதான் அவருடைய கொள்கை. முடிவைச் சொல்லிவிட்டால் நாளைக்குப் படம் வரும்போது சனம் கொட்டகைக்கு வராதாம். இதனால் எங்கள் வலிகாமப் பகுதியில் பாதிப்பேர் விஞ்ஞானக் கதைகளின் முற்பாதியில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள். இளைப்பாறிய பள்ளிக்கூட உப அதிபர் ஒருவர் முடிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே கிழமைக்கு ஒருதரம் கண் மங்குகிறது என்று வந்து நின்றார். கடைசியில் அண்ணையின் மனைவி, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், கல்லாவில் இருந்தபடி சொன்னார்: “சேர், உங்கடை கண் என்ரை கண்ணைவிட நல்லாயிருக்கு. வீட்டை போய்ச் சாப்பிடுங்கோ.”

அக்காவுக்கு இந்தக் கதைகளில் எள்ளளவும் அக்கறை இல்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அண்ணை வைத்திருந்த கதைகளில் ஒன்று மட்டும் தனி. சின்னப் புத்தகம். மட்டை கழன்று போனது. எழுதியவர் எங்கள் பகுதி ஆள்தான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊருக்குச் சூரியன் கிடையாது. எங்கள் கிணறுகளின் வாய்கள்தான் அவர்களுக்கு நட்சத்திரங்கள். மேலே வீடுகள் பூட்டப்பட்டுக் கிணறுகள் மூடப்பட, கீழே ஒவ்வொரு நட்சத்திரமாக அணைகிறது. அதற்குக் காரணம் அறிய ஒரு சிறுமி ஏறத் தொடங்குகிறாள். அவள் வந்து சேர்ந்த கிணற்றுக்கு மேலே தகரம். கீழே இருந்து தட்டுகிறாள். வீட்டில் ஒருவரும் இல்லை.

இடைவேளை.

இந்த இடத்தில் அண்ணை கைதட்டவும் மாட்டார். மெல்ல எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்.

இப்படி இருக்கையில் கனடாவிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். தமக்கையின் மகளின் கலியாணத்துக்கு வந்தவர். அங்கே இரண்டு மூன்று சின்னப் படங்கள் எடுத்திருக்கிறார் என்று பேச்சு. கலியாண வீட்டில் தன்னுடைய கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்து அதை நொறுக்கிவிட்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தன் கைவிரலே தெரியாது. மருமகன் முறையான ஒருவர் அவரைக் கடையில் கொண்டுவந்து இருத்திவிட்டுப் போய்விட்டார். நான் அப்போது என் கண்ணாடிக்குத் திருகாணி போட வந்திருந்தேன்.

வந்தவர் படம் எடுக்கிறவர் என்று தெரிந்ததும் அண்ணைக்கு வேலை ஓடவில்லை. வில்லையைத் தீட்டும் கல்லில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். “ஐயா, இது முடியக் கொஞ்ச நேரம் செல்லும். அதுக்குள்ளை ஒரு கதை சொல்லட்டே?”

கனடாக்காரர் வாசல் பக்கம் பார்த்தார். வாசல் எது, அலுமாரி எது என்று அவருக்குத் தெரியவில்லை. “சொல்லுங்கோ” என்றார்.

கிணற்றுக் கதையைச் சொன்னார். எத்தனையோ தரம் கேட்ட எனக்கே அன்று மயிர் கூச்செறிந்தது. கண் தெரியாத மனிதருக்குச் சொன்னதாலோ என்னவோ, ஒவ்வொரு நட்சத்திரமும் அணைவது அந்தக் கடைக்குள் தெரிந்தது. சிறுமி தகரத்தைத் தட்டினாள். அண்ணை எழும்பினார்.

“பிறகு?” என்றார் கனடாக்காரர்.

“இடைவேளை.”

“அண்ணை, நான் நாளைக்கு விமானம் ஏறுறன். முடிவு தெரியாமல் இதை எடுக்கிறதோ இல்லையோ எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

அண்ணை திரும்ப இருந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. கொள்கையோடு போராடுகிறார் என்று நினைத்தேன். அது இல்லை.

“புத்தகத்திலை…” என்று இழுத்தார். “அவள் நித்திரையாலை எழும்புறாள். எல்லாம் கனவாம்.”

இந்தக் கதையில் இத்தனை காலமும் அவர் எங்களிடமிருந்து மறைத்தது முடிவை அல்ல, ஏமாற்றத்தை. கனடாக்காரர் கதிரையில் சாய்ந்தார். சாய்ந்த விதத்திலேயே படம் கைவிட்டுப் போவது தெரிந்தது.

“கனவோ?” என்று கல்லாவிலிருந்து குரல் வந்தது. அக்கா. கையில் இருந்த பேனையை மேசையில் வைத்துவிட்டு எழும்பி வந்தார். “என்ன விசர்க் கதை. பூட்டின வீட்டுக் கிணத்துக்குள்ளை சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளே? மதிலாலை எட்டிப் பாப்பாள். ஏணி வைச்சு இந்தப் பக்கம் இறங்குவாள். தகரத்தைத் தூக்கிப் பாத்துப்போட்டு, ‘நீ ஆரின்ரை பிள்ளை?’ எண்டு கேப்பாள். பிறகு ஒழுங்கை முழுக்கச் சொல்லுவாள். ஒவ்வொரு வீட்டிலையும் தகரத்தைத் தூக்கிப் பாக்காமல் எங்கடை சனம் நித்திரை கொள்ளுமே?”

அண்ணை மனைவியை அப்படிப் பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. “நீ கேட்டுக்கொண்டோ இருந்தனி?” என்றார்.

“காதைப் பொத்திக்கொண்டு கணக்கு எழுத ஏலுமே?”

கனடாக்காரர் கதிரையில் நிமிர்ந்தார். பிறகு, “எங்கடை வீடும் இஞ்சைதான். பூட்டித்தான் கிடக்கு. கிணத்துக்குத் தகரம் போட்டது நான்தான்” என்றார்.

படம் எடுப்பதென்றால் எழுதியவரிடம் அனுமதி கேட்க வேண்டும் அல்லவா? விசாரித்துப் பண்டத்தரிப்பில் கண்டுபிடித்தோம். நானும் அண்ணையும் மோட்டார் சைக்கிளில் போனபோது வெங்காயப் பாத்திகளுக்கு வாய்க்கால் மாற்றித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அண்ணை தயங்கித் தயங்கி, முடிவை மாற்றலாமா என்று கேட்டார்.

“தாராளமா மாத்துங்கோ” என்றார் அவர். “சண்டைக்காலம். பாதி அச்சடிக்கவே பேப்பர் முடிஞ்சுபோச்சு. இன்னும் ரெண்டு பக்கம்தான் இருக்கு, அதுக்குள்ளை முடி எண்டு அச்சகத்திலை சொன்னாங்கள். ரெண்டு பக்கத்திலை வேறை என்ன செய்யிறது, எழுப்பிவிட்டன்.” பக்கத்து வீட்டுக்காரியின் கதையைக் கேட்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “எடுங்கோ, எடுங்கோ. அவளைத்தான் நான் தேடினனான்.”

இந்த வருடம் கனடாக்காரர் சின்னக் குழுவோடு வந்து, தன் வீட்டிலேயே படத்தை எடுத்தார். தகரத்தை உண்மையாகவே தூக்கினார்கள். தூக்கும்போது பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே உண்மையாகவே இரண்டு தலைகள் தெரிந்தன. அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த முற்றத்திலேயே, பொழுதுபட, வெள்ளைத் துணி கட்டிப் படத்தைக் காட்டினார்கள். ஒழுங்கைச் சனம் முழுக்க வந்திருந்தது. உப அதிபர் முதல் ஆளாக வந்து கதிரை பிடித்தார். பண்டத்தரிப்பு எழுத்தாளர் வேட்டி கட்டி வந்திருந்தார். படம் தொடங்கியது. அண்ணை மட்டும் துணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்தபடி நின்றார்.

அக்கா அவருடைய கையைப் பிடித்து இழுத்தார். “திரும்பி நில்லுங்கோ. படம் அங்கை.”

“படம் எனக்குத் தெரியும்” என்றார் அண்ணை. “உவையளின்ரை முகம்தான் தெரியாது. விடு, பாப்பம்.”

சிறுமி தட்டினாள். மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். முற்றம் முழுக்கச் சிரித்தது. பிறகு கீழே ஒவ்வொரு நட்சத்திரமாகத் திரும்ப எரியத் தொடங்கியபோது ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்த வெளிச்சம் எங்கள் முகங்களில் பட்டு, எங்கள் முகங்களிலிருந்து அவருடைய முகத்துக்குப் போனது.

படம் எப்படி என்று ஆட்கள் இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். முன்வரிசையில்தான் இருந்தேன். ஆனாலும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.