மூத்த மாப்பிள்ளையின் வேறு கம்பெனி லென்சு

காரைக்குடி,
22-5-1994

தேவதாயின் நிழலில் சுகமாக இருக்க வேண்டிய என் அன்பு மாப்பிள்ளை ஞானமணிக்கு, மச்சான் இமானுவேல் எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் அக்கா ரெஜினா சுகம், பிள்ளைகள் சுகம், போன மாதம் கன்று போட்ட பசுவும் சுகம். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். சிங்கப்பூரில் தங்கள் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராதபடி தினமும் குடும்ப செபத்தில் வேண்டிக்கொள்கிறோம். தங்கள் மகள் பெல்சி முதன்முதலாக நற்கருணை அப்பம் உண்டு புதுநன்மை வாங்கிய போட்டோ ஒன்று இத்துடன் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கடிதத்தை ஓரமாகப் போட்டுவிட வேண்டாம். அந்தப் போட்டோவை நான் எடுக்கவில்லை.

நிற்க. மனசில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். முந்தின தடவை வந்தப்ப எனக்கும் என் சகலை சேசுராஜுக்கும் ஒரே மாதிரி ரெண்டு கேமரா கொண்டாந்து குடுத்தீக. அக்கா புருசன், தங்கச்சி புருசன்னு பேதம் வேண்டாம்னு நெனச்சீக, அது பெரிய மனசு. ஆனா இந்தத் தடவை அவருக்கு அதே கம்பெனி ஜூம் லென்சு, தோல் உறையோட. எனக்கு ஆறு பாட்டில் கோடாலித் தைலம். மூத்த மாப்பிள்ளை நான். விருந்துன்னா எனக்கு இலை போட்டுட்டுத்தான் சேசுராஜுக்குப் போடுவாக. லென்சு மட்டும் எப்படி என் இலையைத் தாண்டிப் போச்சு? உங்க அக்காகிட்டக் கேட்டா, அவரு லெட்டர் எழுதிக் கேட்டாரு, நீங்க கௌரவம் பாத்துக் கேக்கலைங்கிறா. எனக்குப் பொறாமைதான் மாப்பிள்ளை. பாவசங்கீர்த்தனத்துலயே சொல்லிட்டேன், உங்ககிட்டச் சொல்ல என்ன? சாமியார் மூணு அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னாரு. சொல்லி முடிச்சு வெளிய வந்தா, கோயில் வாசல்ல நின்னு அந்த லென்சை வச்சு கோபுரத்துப் புறாவை எடுத்துக்கிட்டிருக்காரு சேசுராஜ். சொன்ன மூணும் வீணாப் போச்சு.

அதுக்கப்புறம் மெட்ராசுக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போன இடத்துல, வேற கம்பெனிக்காரன் செஞ்ச ஜூம் லென்சு ஒண்ணு கால்வாசி விலைக்குக் கிடைச்சுது. கண்ணாடி எல்லாம் ஒண்ணுதான் சார், மேல எழுதியிருக்கிற பேருக்குத்தான் காசுன்னாரு கடைக்காரரு. எனக்கும் அது நியாயமாப் பட்டுச்சு. வந்த கையோட நம்ம வீட்டு நடுக்கூடத்து ஆத்தங்குடிக் கல்லுத் தரையை எடுத்துப் பாத்தேன். பிலிமைக் கழுவி வந்தா, கட்டம் கட்டமா நிக்க வேண்டிய வரிசை நடுவுல இடுப்பு ஒடுங்கி நிக்கிது. இருபத்தாறு வருசம் கரும்பலகையில நேர்கோடு போட்ட கணக்கு வாத்தியார் நான், லென்சு மேல சந்தேகமே வரல. கல்லுப் பதிச்ச கொத்தனாரை ஆத்தங்குடியில இருந்து வரவழைச்சு, என்னய்யா இப்படி வளைச்சுப் போட்டிருக்கன்னு சண்டைக்குப் போனேன். அந்த மனுசன் நூலைப் பிடிச்சுக் காட்டினாரு. நூலும் நேரா இருந்துச்சு, கல்லும் நேரா இருந்துச்சு. கடைசியில ஸ்டுடியோ முத்தழகுதான் லென்சு வளைக்குதுன்னு கண்டுபிடிச்சுச் சொன்னான். சேசுராஜ் அதைக் கேட்டுட்டுச் சிரிக்கக்கூட இல்ல. கோடு இல்லாத இடமாப் பாத்து எடுங்கண்ணேன்னு அக்கறையாச் சொன்னாரு. சிரிச்சிருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

இப்ப புதுநன்மைக்கு வாரேன். நீங்க அங்குட்டு இருந்துக்கிட்டு, எம்பிள்ளை நன்மை வாங்குற அந்த ஒரு நிமிசத்தை மட்டும் எப்படியாச்சும் எடுத்து அனுப்புங்கன்னு ரெண்டு லெட்டர் போட்டிருந்தீக. ரெண்டு பேரும் எடுங்கன்னு வேற எழுதியிருந்தீக. அங்கதான் எனக்கு உறுத்துச்சு. சேசுராஜ் பீடத்துக்கிட்டப் போயி நின்னா அவரு படம்தான் நல்லா விழும். நான்தான் கோயில் பங்குப் பேரவையில இருக்கேன்ல? போட்டோ எடுக்கிறவுக பீடத்துப் பக்கம் போகக் கூடாது, பிளாஷ் அடிக்கக் கூடாது, பக்தி கெட்டுப்போகுதுன்னு நானே எந்திரிச்சுப் பேசினேன். சாமியாருக்கு அம்புட்டுச் சந்தோசம், அப்பவே தீர்மானம் போட்டுட்டாரு. வீட்டுக்கு வந்து சோத்துல கைய வைக்கும்போதுதான் உறைச்சுது. தூரத்துல நின்னு, பிளாஷ் இல்லாம எடுக்கணும்னா நல்ல ஜூம் லென்சு வேணும். அது அவருகிட்டத்தான் இருக்கு. யானை தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்ட கதைதான்.

அன்னைக்குக் காலையில சேசுராஜ் வந்து, "அண்ணே, நீங்க பேரவை ஆளு, பாட்டுக்காரங்க மாடியில நிக்க விடுவாக. என் லென்சைப் போட்டுக்கிட்டுப் போங்க, நான் கீழ நின்னு சமாளிச்சுக்கிறேன்"னு கழட்டி நீட்டினாரு. வாங்கியிருந்தா இந்தக் கடுதாசிக்கே வேலை இல்ல. என்னுது இருக்குன்னு விறைப்பா மாடி ஏறிட்டேன். மேல இருந்து கீழ்நோக்கிப் பிடிச்சப்பறம்தான் அந்த லென்சோட குணம் தெரியுது. பெல்சி முகத்தைக் கிட்டத்துல கொண்டாந்து வச்சா, இழுத்துத் தள்ளுற ஜூம் வளையம் தன் கனத்துல தானே வழுக்கி முன்னாடி போயிருது, பிள்ளையும் தூரமாப் போயிருது. நான் இழுக்க, அது வழுக்க, கிணத்துல தண்ணி இறைக்கிற மாதிரி நின்னு இழுத்துக்கிட்டிருக்கேன். ஆர்மோனியம் வாசிக்கிறவரு என்னைய முறைக்காரு. பிள்ளை வாயைத் தொறக்கிற நேரம் பாத்து வளையம் முழுசா இறங்கிருச்சு, நானும் அமுக்கிட்டேன்.

கழுவிப் பாத்தா பாதிக் கோயில் இருக்கு, அதுவும் இருட்டா. பெல்சி அரிசி அளவு. சன்னல் வெளிச்சத்துல பளிச்சுனு விழுந்திருக்கிறது ஒரே ஆளு, தூணோரம் மண்டி போட்டுக் கேமராவும் கையுமா இருக்கிற சேசுராஜ். யாரு படத்துல வரக் கூடாதுன்னு நெனச்சேனோ, அன்னைக்கு எடுத்த முப்பத்தாறு படத்துலயும் அவருதான் இருக்காரு. அவரு எடுத்ததைத்தான் இத்தோட வச்சிருக்கேன். பிள்ளை கண்ணுல நிக்கிற தண்ணிகூடத் தெரியுது பாருங்க. "அண்ணே, நீங்க எடுத்ததுன்னே எழுதி அனுப்புங்க, மாப்பிள்ளை சந்தோசப்படுவாரு"ன்னு சொல்லி என் கையிலதான் குடுத்தாரு. ஒருத்தரு இவ்வளவு நல்லவரா இருந்தா பக்கத்துல இருக்கிறவன் எப்படி மாப்பிள்ளை பிழைக்கிறது? பின்பக்கம் என் பேரை எழுதிக்கூட வச்சேன். திரும்ப ஒரு தடவை பிள்ளை முகத்தைப் பாத்தேன். என் வீம்பால நீங்க இதைப் பாக்காமலே போயிருப்பீகன்னு நெனச்சேன். என் பேரை அடிச்சுட்டு அவரு பேரை எழுதியிருக்கேன்.

ஆகவே, கிறிஸ்மசுக்கு வரும்போது அதே கம்பெனி, அதே அளவு லென்சு, தோல் உறையுடன் எனக்கும் ஒன்று தவறாமல் கொண்டு வரவும். கௌரவம் பார்க்காமல் கேட்டுவிட்டேன். தைலம் வேண்டாம். கடல் தாண்டி இருக்கும் தங்களை வியாகுல மாதா கைவிடாமல் காக்க வேண்டும் என்று மன்றாடும்,

தங்கள் மூத்த மச்சான்,
அ. இமானுவேல்

பி.கு. 29-5-94. ஸ்டாம்பு வாங்காமல் இந்தக் கடிதம் ஒரு வாரம் மேசையிலேயே கிடந்துவிட்டது. அதற்குள் சேசுராஜ் வந்து, மூத்தவுக நீங்க வச்சுக்கங்கண்ணேன்னு தன் லென்சை என் கேமராவில் மாட்டிவிட்டு, என்னுடையதைக் கொண்டுபோய்விட்டார். வழுக்கும் வளையத்துக்கு சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டியிருக்கிறார், இப்போது அசையவில்லை. அதை வைத்து என்னை ஒரு படம் எடுத்தார். என் லென்சு கொஞ்சம் மங்கலாகத்தான் எடுக்கிறது, அதனால் அம்மைத் தழும்பு, சுருக்கம் ஒன்றும் விழாமல் கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருக்கிறேன். நான் அவர் லென்சை வைத்து உங்கள் அக்காவை எடுத்தேன். ஒரு சுருக்கம் விடாமல் துல்லியமாக விழுந்து, மூன்று நாளாக வீட்டில் பேச்சு இல்லை. எனவே லென்சு கொண்டுவர வேண்டாம். என் லென்சை அவரிடமிருந்து திருப்பி வாங்கிக் குடுத்தால் போதும். நீங்களாகக் கேட்கிற மாதிரி கேளுங்க, நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம். தைலம் மட்டும் வழக்கம்போல் ஆறு பாட்டில் கொண்டு வரவும். கம்பெனி லென்சு நல்ல கனம், தோள்பட்டை வலி தாங்கவில்லை.