யோகன் அண்ணையின் ஓம்

நானும் ஒரு காலத்தில் பாடகன். இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. என் மனைவி சொல்லிவிடுவாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஆண்டுகள். மொன்றியலில் பாண் சுடும் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில், யோகன் அண்ணைக்குப் பக்கத்தில் நின்று பாணைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே நாள் முழுக்க வானொலி பாடும். கேட்டுக் கேட்டு ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தேன். ஆங்கிலத்தில் 'யெஸ்' என்கிறார்கள், பிரெஞ்சில் 'உய்' என்கிறார்கள். அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் பாடியே உலகப் புகழ் அடைகிறார்கள்.

"அண்ணை, எங்களிட்டை 'ஆம்' எண்டதுக்கு 'ஓம்' இருக்கு. ஏன் ஒருத்தரும் பாடேல்லை?"

"ஓமடா," என்றார் யோகன் அண்ணை. அவர் எதற்கும் அப்படித்தான். வில்லரேயில் இருந்த தன் வீட்டின் நிலவறையையும் ஒலிப்பதிவுக்குத் தந்தார்.

எட்டுப் பாட்டுகள். எல்லாம் காதல். நான் கேள்வி கேட்பேன், காதலி "ஓம்" என்பாள். காதலியாகப் பாட ஒப்புக்கொண்ட பெண்ணின் தகப்பன் பாட்டு வரிகளை வாசித்துவிட்டு அவளை அனுப்பவில்லை. (இப்போது எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அந்த மனிதர் செய்தது சரி.) ஆகவே காதலியின் 'ஓம்' எல்லாவற்றையும் யோகன் அண்ணையே சொன்னார், அந்தக் கட்டைக் குரலில்.

சிடிக்கு 'ஓம்' என்று பெயர் வைத்தேன். அட்டை அடித்தவர் பக்திப் பாட்டென்று தானே முடிவு செய்து, காவி நிறத்தில் குத்துவிளக்குப் போட்டுவிட்டார். கடைக்காரர்கள் கற்பூரத்துக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். சனம் வாங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாசியில், வாசலில் பனி அள்ளிக்கொண்டு நின்ற யோகன் அண்ணை அப்படியே சரிந்து விழுந்தார். முப்பத்தெட்டு வயது. மனைவி ரஞ்சி அக்கா, ஆறு வயது மகள் மீரா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது.

செத்தவீடு, உடலைப் பார்வைக்கு வைக்கும் ஒரு மலர்ச்சாலையில் நடந்தது. தேவாரம் பாட வேண்டியவர் பனிப்புயலில் மாட்டிக்கொண்டார். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த ரஞ்சி அக்காவின் தம்பி, "வீட்டிலை ஒரு சாமிப் பாட்டு சிடி கிடந்தது, எடுத்துக்கொண்டு வந்தனான்," என்று பையைத் திறந்தார். காவி அட்டை. குத்துவிளக்கு.

நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று இத்தனை வருடத்துக்குப் பிறகாவது ஒப்புக்கொள்கிறேன்: இருநூறு பேர் என் பாட்டைக் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தொடக்கத்தில் நீளமாகத் தம்புரா வரும், அதற்குள் தேவாரக்காரர் வந்துவிடுவார் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

தம்புரா ஒலித்தது. சனம் கண்ணை மூடிக் கைகூப்பியது. பிறகு மேளம் வெடித்தது. பிறகு நான்.

"கூப்பிட்டால் வருவியோ, கண்ணே?"

"ஓம்!"

பெட்டிக்குள் கிடந்தவரின் குரல்.

யாரோ ஒரு பெண் "ஐயோ!" என்று அலறினார். நான் பாய்ந்தேன். பனி ஒட்டியிருந்த சப்பாத்து வழுக்கி, மலர்வளையம் ஒன்றோடு சேர்ந்து விழுந்து, தவழ்ந்துபோய்க் கையில் அகப்பட்டதைத் திருகினேன். சத்தம் இரண்டு மடங்கானது.

"முத்தம் ஒண்டு தருவியோ?"

"ஓம்!"

"அப்பா!" என்று கத்தினாள் மீரா. ஓடிவந்து ஒலிபெருக்கியில் காதை வைத்துக்கொண்டாள். நான் மின்கம்பியைப் பிடுங்கக் கை வைத்தேன்.

"நிப்பாட்டாதேங்கோ, தம்பி."

ரஞ்சி அக்கா. மூன்று நாளாக ஒருவரோடும் கதைக்காதவர், அழாதவர். அதன் பிறகு யார் அதை நிறுத்துவது? நான் எழுதிய அசட்டு வரிகள் முழுவதையும், தரையில் இருந்தபடி, நசிந்த பூக்களுக்கு நடுவே கேட்டேன். ரஞ்சி அக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பாட்டு முடிந்ததும் மீரா என்னைப் பார்த்தாள்.

"இன்னொருக்கா."

ஒருவரும் போடவில்லை. அவளுடைய மாமன் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

நான் பிறகு பாடவில்லை. இப்போதும் எந்த விசேஷத்துக்குப் புறப்பட்டாலும் என் மனைவி வாசலில் மறித்து, "சிடி ஒண்டும் கொண்டுவரேல்லைத்தானே?" என்று என் பையைத் தடவிப் பார்ப்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன மாதம் மீரா போன் எடுத்தாள். மொன்றியலுக்குப் பக்கத்து ஊரான லொங்குய்யில் வேலை செய்கிறாள். தமிழ் கொஞ்சம் தடக்கும்.

"மாமா, அந்தச் சிடி துலைஞ்சு போச்சு. மற்றப் பாட்டுகளிலை அப்பா வேறை ஏதும் சொல்லுறாரோ? அவரின்ரை குரல் வேறை ஒண்டிலும் எங்களிட்டை இல்லை."

"இல்லைப் பிள்ளை. ஓம் மட்டும்தான்."

"எத்தினை தரம்?"

"எண்ணிச் சொல்லுறன்," என்றேன். அன்று பின்னேரம் எட்டுப் பாட்டுகளையும் போட்டேன். மனைவி பகிடி ஒன்றும் விடாமல் பக்கத்தில் இருந்து, ஒரு கடதாசியில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டு வந்தாள். நாற்பத்தொரு தரம் சொல்லியிருக்கிறார். ஒன்றுகூடத் தாளத்தில் இல்லை.