காது உடைந்த கப்பும் புதுத் தராசும்

இனிமேல் எங்கள் சமையலறையில் கப்புக்கு இடமில்லை, எல்லாம் கிராம்தான் என்று உரக்கப் பிரகடனம் செய்தேன். மனைவி அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தைரியம்தான்.

காரணம் என் மாமனார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கண்ணுக்கு நான் எதற்கும் லாயக்கில்லாத மாப்பிள்ளை. அன்று சாயங்காலம் அவருடைய பிறந்தநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார். என் கையால் ஒரு கேக் செய்து அவர் வாயை அடைக்க வேண்டும். இதுதான் திட்டம்.

"கேக் நான் பண்றேங்க. நீங்க பேசாம பேப்பர் படிங்க" என்றாள் மனைவி, தலையைத் துவட்டிக்கொண்டே.

"எதுல அளப்பே?"

"இதுலதான்." காது உடைந்த பழைய கப்பைக் காட்டினாள்.

"குத்துமதிப்பு! அளவுன்னா எடைதான். நான் என்ன வேலை பார்க்கறேன்னு மறந்துட்டியா?"

"தண்ணி கேன் கம்பெனியில சூப்பர்வைசர்."

"அளவு சூப்பர்வைசர்!"

கேனைத் தராசில் வைப்பேன். காலி கேனின் எடை போக இருபது கிலோ காட்டினால் உள்ளே இருபது லிட்டர். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. இத்தனை வருஷ சர்வீஸில் இந்தக் கணக்கு ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை.

நாலு கடை ஏறி இறங்கி ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கிவர மத்தியானமாகிவிட்டது. வீட்டில் கமகமவென்று வாசனை. பக்கத்து வீட்டில் ஏதோ செய்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"கப்பு எத்தனை மில்லி?"

"இருநூத்தி நாப்பது."

"மாவு எத்தனை கப்பு?"

"ரெண்டு."

"அப்ப நானூத்தி எண்பது கிராம். முடிஞ்சுது!"

"ஒரு கப்பு மாவை அள்ளி எடை போட்டுத்தான் பாருங்களேன்."

"கணக்கு சொல்லும்போது கப்பு எதுக்கு?"

"சரிங்க."

என் மனைவி இவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' சொல்ல மாட்டாள். நான் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

கலவை கரண்டியை விடவில்லை. பிடுங்கி எடுத்து ஓவனில் வைத்தேன். கேக் வெளியே வந்தபோது அதில் கத்தி இறங்கவில்லை. சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. மாமனார்!

மனைவி கப் நிறைய மாவை அள்ளி என் புதுத் தராசில் கொட்டினாள். நூற்றிருபது கிராம். ஒரு கப்புக்கு நான் போட்ட இருநூற்று நாற்பதில் சரிபாதி.

"மாவு தண்ணி மாதிரி கனக்காதுங்க."

வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவள் அலமாரியைத் திறந்தாள். உள்ளே பஞ்சுபோல ஒரு கேக்.

"இது எப்போ?"

"நீங்க தராசு வாங்கப் போனப்பவே. கொண்டு போங்க, நீங்க செஞ்சதாவே இருக்கட்டும். அப்பா முன்னாடி நீங்க தலைகுனிஞ்சு நின்னா எனக்குத் தாங்காது."

கண் கலங்கிவிட்டது. வெட்கம் கெட்டு வாங்கிக்கொண்டேன்.

தராசில் எடை போட்டு நான் செய்தது என்று மனைவி சொல்ல, மாமனார் ஒரு துண்டு தின்றார். இன்னொன்று தின்றார். "மாப்பிள்ளை, நீங்களா? அபாரம்! கப்புல அளந்தா இப்படி வருமா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் பாராட்டி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் திருட்டுப் பாராட்டு.

"கேக்கு மட்டுமில்லப்பா," என்றாள் மனைவி. "இனிமே ஞாயித்துக்கிழமை சமையல் பூரா அவரோடதாம். எடை போட்டே செய்யப்போறாராம். நீங்களும் வாரா வாரம் வந்துடுங்க."

"வராம?" என்றார் மாமனார்.

மறுக்க வேண்டுமானால் கேக் யார் செய்தது என்று சொல்ல வேண்டும். ஒரு துண்டு கேக்கை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மாமனார் ஹாலில் பசியோடு உட்கார்ந்திருந்தார். மனைவி ஒரு கையில் தராசும் மறு கையில் கப்புமாகச் சமையலறை வாசலில் நின்றாள்.

"எது வேணுங்க?"

"கப்பு" என்றேன், மாமனார் காதில் விழாமல்.