மீக்கடத்தி வாத்தியார்

வந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டு, வரப்போவதற்காகக் காத்து நிற்கும் மனிதர்கள் என்று ஒரு ரகம் உண்டு. உங்களுக்கு அவர்களைத் தெரியும். புது பஸ் விடப்போகிறார்களாம் என்று இருக்கிற பஸ்ஸில் ஏறமாட்டார்கள். இதைவிட நல்ல மருந்து வரப்போகிறதாம் என்று கையிலுள்ள மாத்திரையை விழுங்கமாட்டார்கள். அது அவர்கள் பாடு. நம்மையும் ஏறவிடமாட்டார்கள் என்பதுதான் வில்லங்கம்.

எண்பத்தேழில் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் இந்த ரகத்தின் உயர்ந்த மாதிரி ஒருவர் இருந்தார். பாண்டுரங்கன் வாத்தியார், திருப்பத்தூர்க்காரர். மூன்று நாள் கழித்து ஜீப்பில் வரும் பேப்பரை அவர் ஒருவர்தான் படிப்பார் என்பதால், உலகத்தில் எது நடந்தாலும் அவரைக் கேட்டுத்தான் நடந்தது என்கிற தோரணை.

அந்த வருஷம் கரண்டுக் கம்பம் நடுவதற்கு மனு எழுதிக்கொண்டு ஓர் அதிகாரி வந்தார். ஊரார் கையெழுத்துப் போட வேண்டும். கம்பி போகும் வழியில் சில புளியமரக் கிளைகளை வெட்டச் சம்மதிக்க வேண்டும். சாமை குத்தியே தோள் கழன்றுபோன மாதம்மாள், கரண்டு வந்தால் மாவு மில் வரும் என்று முதல் ஆளாகக் கட்டைவிரலை நீட்டினாள்.

வாத்தியார் குறுக்கே வந்தார். "இந்த அலுமினியக் கம்பியா?" என்று சிரித்தார். பிறகு மீக்கடத்தியைப் பற்றிச் சொன்னார். சாதாரணக் கம்பியில் எலக்ட்ரான்கள் சந்தைக் கூட்டத்தில் போகிறவர்களைப் போல இடிபட்டுத்தான் போகும். அந்த இடியில் கம்பி சூடாகும், கரண்டு வீணாகும். மீக்கடத்தியை நன்றாகக் குளிரவைத்தால் அவையே ஜோடி ஜோடியாகச் சேர்ந்து எதிலும் இடிக்காமல் ஓடும், துளி வீணாகாது. புதிதாக ஒரு பீங்கான் மாதிரிப் பொருள் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதற்குக் கொஞ்சம் குளிர் போதும்.

அத்தனையும் உண்மை. அதுதான் இந்த ரகத்தின் பலம். பொய் சொல்லவே மாட்டார்கள்.

"கொஞ்சம்னா எவ்ளோங்க? நம்ம மார்கழி பத்துமா?" என்று கேட்டாள் மாதம்மாள்.

"பூஜ்யத்துக்குக் கீழே நூற்றெண்பது டிகிரி."

"அந்தக் குளிர இன்னாத்துல உண்டாக்குவாங்க?"

"மெஷின் இருக்கு."

"மெஷினு எதுல ஓடும் வாத்தியாரே?"

வாத்தியார் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "உனக்கு அடிப்படை விஞ்ஞானம் புரியலை" என்றார்.

"படிச்சவரு சொல்றாரு, ரெண்டு வருசம் பொறுப்போம்" என்றார் ஊர்ப்பெரியவர் சடையன். மாதம்மாள் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். அதிகாரி மனுவைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனார். பொங்கலுக்கு அங்கே விளக்கு எரிந்தது, மில்லும் வந்தது. மாதம்மாள் வாராவாரம் சாமையைத் தலையில் சுமந்து இரண்டு மைல் நடந்தாள்.

மீக்கடத்தி வரவில்லை. வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு திருப்பத்தூருக்கே போய், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்தார். மாதம்மாள் வீடு வீடாகப் போய்க் கைநாட்டு வாங்கி, ஜீப் ஏறிப் போய்க் கரண்டு ஆபீஸில் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தாள். கம்பம் வர இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.

இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். அவருக்கும் இதைப் படிக்கக் கொடுங்கள், ரசிப்பார். ஆனால் படித்துவிட்டு அவருக்கு யார் ஞாபகம் வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.