எந்தச் சாஸ்திரம், மாமா?

டீசல் புகையும் கற்பூரமும் கலந்து மூக்கில் ஏறினால், இந்த வயதிலும் என் கை தானாகச் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கிறது.

எழுபதுகளின் கடைசி. செர்டாங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. ஜித்ராவில் தற்காலிக ஆசிரியையாக இருந்த நான், முதல் சம்பளத்தில் எடுத்த மஞ்சள் பட்டோடும் நூலகத்தில் இரவல் வாங்கிய அறிவோடும் வந்து இறங்கினேன். (இரண்டுமே அன்றுவரை மடிப்புக் கலையாதவை.)

விடியலில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போகிற அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசை: ஒரு தடவையாவது அம்மன் ரதத்தின் வடத்தைப் பிடிக்க வேண்டும். இத்தனைக்கும் ரதத்தை இழுப்பது தோட்டத்து டிராக்டர். ஆண்கள் வடத்தைப் பேருக்குப் பிடித்தபடி நடப்பார்கள். கோயில் தலைவர் ரெங்கசாமி மாமாவிடம் கேட்டேன்.

“பொம்பளைங்க தொடக்கூடாதும்மா. சாஸ்திரம்.”

“எந்த சாஸ்திரம், மாமா?”

“எல்லா சாஸ்திரமுந்தான்!”

விடுவேனா? ரதம் புறப்படும் நேரத்தில் மைக்கைப் பிடித்தேன். சாஸ்திரம் என்றால் கற்பிப்பது, நெறிப்படுத்துவது. தர்ம சாஸ்திரம், சிற்ப சாஸ்திரம், சோதிட சாஸ்திரம் என்று ஏகப்பட்டவை உண்டு. எது என்று சொல்லாமல் மொட்டையாகச் ‘சாஸ்திரம்’ என்பது விலாசம் எழுதாமல் தபால் போடுவதைப் போல என்று முழங்கினேன்.

“போதும்லா தங்கச்சி! சாப்பாடு எப்ப?” என்றது கூட்டம். மைக் கீச்சிட்டு உயிரை விட்டது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் தோற்றுப்போய் இறங்கிய வேளையில் ரதம் நகர்ந்தது; மத்தியான மழையில் ஊறிக் கிடந்த செம்மண்ணில் உடனே இறங்கியது. டிராக்டர் உறுமியது, கறுப்பாகப் புகைந்தது, அதுவும் புதைந்தது. அதைக் கழற்றிவிட்டு ஆண்கள் இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை.

“இன்னொரு டிராக்டர் கொண்டாங்கடா!” என்றார் மாமா.

“டிராக்டர் எந்த சாஸ்திரத்துல வருது?”

நான் கேட்கவில்லை. அம்மா கேட்டாள்! அவ்வளவு நாளும் யாரிடமும் குரல் உயர்த்தாத அம்மா.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமா வாயைத் திறக்குமுன் அம்மா வடத்தைப் பிடித்துவிட்டாள். “இழுங்கடி!” பால்வாளி சுமந்து உரமேறிய கைகள் வரிசையாக வந்து சேர்ந்தன. தலைமை தாங்குவதாக எண்ணி நான் முன்னால் போய் நின்றேன்.

ரதம் ஒரே குலுக்கலில் மேலேறியது. நான் குப்புறச் சேற்றுக்குள். ஓவென்ற ஆரவாரம், கைதட்டல். எனக்குத்தான் என்று நினைத்து, முகமெல்லாம் செம்மண்ணாக எழுந்து நின்று நாலா பக்கமும் கும்பிட்டேன். பார்க்க யாருமில்லை. வடம் அம்மாவின் கையில் இருக்க, அம்மன் அசைந்து அசைந்து ரப்பர் மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தாள்.

இதை நானே சொல்லித் தொலைத்ததால், இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது புதுத்துணி உடுத்தினால், “கும்பிட்டுக் காட்டு” என்கிறார்கள்.

மறுநாள் பஸ் ஏறும்போது மாமா வந்து என் பையைத் தூக்கிக் கொடுத்தார்.

“அடுத்த வருசமும் எங்களை விடுவீங்களா, மாமா?”

“ஒங்கம்மாவை யாரு தடுக்கிறது? நீ மட்டும் பழைய சேலையாக் கட்டிக்கிட்டு வா. அதான்லா சாஸ்திரம்!”