சொட்டும் புத்தர்

மூன்று கால் தவளை வாசலைப் பார்த்து இருக்க வேண்டுமா, வீட்டுக்குள்ளே பார்த்து இருக்க வேண்டுமா என்று பிரதீஸுக்குத் தெரியவில்லை. வாங்கிய கடையில் கேட்டிருக்கலாம். வீடு பார்க்க வருகிறவர்களின் கார் இப்போது தெருமுனையில் திரும்பிவிட்டது.

"என்னப்பா, இன்னும் தவளையோட நிக்கிறீங்கள்? மேல பாருங்கோ!" என்றாள் மனைவி துவாரகா.

ஹோல் சீலிங்கில் நேற்றுவரை சில்லறைக் காசளவு இருந்த ஈரக்கறை, இரவு பெய்த மழையில் தோசைக்கல் அளவுக்கு விரிந்திருந்தது. டொக் என்று ஒரு சொட்டு கார்ப்பெட்டில் விழுந்தது.

துவாரகாவுக்கு சிட்னியில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் சேர வேண்டும். இந்தக் கிரெய்கிபர்ன் வீடு விற்காவிட்டால் அவளும் கைக்குழந்தையும் அங்கே, பிரதீஸ் மட்டும் இங்கே. மகள் தன்னை மறந்தே போய்விடுவாள் என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரே பயம்.

வீட்டு ஏஜென்ட் அனுஷன்தான் போனில் யோசனை சொன்னவன். "அண்ணை, வாற ஆக்களின்ர பேர் லிம். சீனாக்காரர். அவையின்ர வாஸ்துப்படி ஃபெங் சுயி சாமான் நாலைஞ்சு வாங்கி வையுங்கோ, வீட்டில நல்ல சக்தி ஓடுது எண்டு நினைப்பினம். மிச்சத்தை நான் வந்து பாக்கிறன்." சொன்னவன் ஹைவே நெரிசலில் அகப்பட்டு நின்றான்.

பிரதீஸுக்கு மூளை வேலை செய்தது. சொட்டு விழும் இடத்தில் பெரிய சட்டியை வைத்து, நடுவில் சிரிக்கும் புத்தரை இருத்தினான். கறையை மறைக்க அதன் கீழேயே காற்றுமணியைக் கொளுவினான். கதிரையிலிருந்து அவன் குதிக்கவும் கதவு தட்டப்படவும் சரியாக இருந்தது.

மிஸஸ் லிம் கண்ணாடியைச் சரிசெய்தபடி உள்ளே வந்தார். பின்னால் வந்த கணவர் ஒரு வார்த்தை பேசாமல் கதிரையில் அமர்ந்தார்.

டிங்.

"ஜன்னல் எல்லாம் பூட்டியிருக்கிறதே, மணி எப்படி அடிக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் மிஸஸ் லிம்.

"நல்ல எனர்ஜி, மேடம்" என்ற பிரதீஸ், சிரிப்பு மாறாமல் துவாரகாவிடம் தமிழில் சொன்னான்: "கூரை ஒழுகிறதை வாய் தவறியும் சொல்லிப்போடாதையும்."

வெளியாட்கள் முன்னால் ரகசியம் பேச நம்மவர்களுக்குத் தனி அறை எதற்கு? தமிழ் இருக்கிறதே.

மிஸஸ் லிம் குனிந்து பார்த்தார். "புத்தரின் கன்னத்தில் தண்ணீர் ஓடுகிறது."

"அது ஃபவுண்டன், மேடம்" என்று துவாரகா முந்திக்கொண்டாள்.

"சத்தம் காதைக் குடைகிறது. கொஞ்சம் நிறுத்துங்கள்."

பிரதீஸ் சுவரிலிருந்த ஏதோ ஒரு சுவிட்சை அமத்தினான். லைட்தான் நின்றது. டிங், டொக். வேறு வழியில்லாமல் புத்தரின் தலைக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு கண்ணை மூடினான். சொட்டு உள்ளங்கையில் விழுந்து, முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

"இவர் என்ன செய்கிறார்?"

"கும்பிடுகிறார், மேடம்."

"இஞ்சரும், எனக்குக் கை உளையுது" என்று முணுமுணுத்தான் பிரதீஸ். "இவவைக் கெதியா குசினிக்குக் கூட்டிக்கொண்டு போம். உந்தாளைப் பற்றிக் கவலையில்லை. மனுசி சொல்லுறதுக்குத் தலையாட்டுற பொம்மை."

"உங்களை மாதிரித்தான்" என்றாள் துவாரகா.

கதிரையில் இருந்தவருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

துவாரகா மிஸஸ் லிம்மை அழைத்துப்போய் குசினி, அறைகள், பின்வளவு எல்லாம் காட்டி முடிக்கும்வரை பிரதீஸ் அப்படியே நின்றான். கை மரத்துப்போய்விட்டது. மிஸஸ் லிம் திரும்பி வந்து அவனை ஏறஇறங்கப் பார்த்தார்.

"நாங்கள் சர்ச்சுக்குப் போகிற ஆட்கள். இந்தச் சாமான்கள் ஒன்றும் எனக்கு விளங்கவில்லை" என்றார்.

பிரதீஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான்.

"ஆனால் இவ்வளவு பக்தியான மனிதர் பொய் சொல்ல மாட்டார். வீடு எனக்குப் பிடித்திருக்கிறது. எதற்கும் ஒருமுறை கேட்கிறேன், இந்த வீட்டில் ஏதாவது குறை உண்டா?"

"ஒன்றுமே இல்லை, மேடம்!" என்றான் பிரதீஸ். சிட்னியில் மகளைத் தூக்கி வைத்திருப்பதுபோல் இருந்தது அவனுக்கு. கண் கலங்கிவிட்டது.

மிஸஸ் லிம் அனுஷனுக்கு போன் எடுக்க முற்றத்துக்குப் போனார். அவருடைய கணவர் மெதுவாக எழுந்து வந்து, பிரதீஸின் நனைந்த தோளில் கை வைத்து, அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"ஈப்போவுல நாங்க இருந்தது தமிழ்த் தெரு, தம்பி. கூரை ஒழுகுறத அவகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"