ஓய்வு உரிமைத் தீர்மானம்

"மூணு மணிக்கு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் சார். ஒப்புதல் கையெழுத்துப் போட நான் ஒருத்திதான் இருக்கேன். அரை நாள் லீவு வேணும்."

பிரிவு அதிகாரி தலையைத் தூக்கவில்லை. "இன்னிக்கா? சபையில என்ன தீர்மானம்னு தெரியுமில்ல?"

தட்டச்சருக்குத் தெரியாமலா? உழைக்கும் எல்லாருக்கும் ஓய்வும் விடுப்பும் மனித உரிமை என்று உலகத்துக்கே அறிவிக்கும் தீர்மானம். காலையிலிருந்து அதைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

"முடிச்சிட்டுப் போறேன் சார்."

"முடி, பார்க்கலாம்."

பன்னிரண்டுக்கே முடித்தாள். அதுதான் தப்பு.

"அட, அதுக்குள்ளவா? அப்ப குடும்பத்தோட இருக்கிற உரிமைன்னு இன்னும் ரெண்டு பக்கம் சேர்த்துடும்மா."

'குடும்பம்' என்று வந்த இடத்திலெல்லாம் விசைப்பலகை அடிவாங்கியது. மணி இரண்டு.

"அவரு எதையும் படிக்க மாட்டாரு தங்கச்சி," என்றார் வாசலில் கால் மாற்றி நின்ற காவலர். "லீவு லெட்டரைக் கோப்புல செருகிடு. நானும் ஒருதடவை அப்படித்தான் செஞ்சேன். பாஸாயிடுச்சு."

கடைசித் தாளாகச் செருகினாள். அதிகாரி கையெழுத்துப் போடுவார் என்று பார்த்தால், தாளுக்குத் தாள் 'சபைக்கு' என்று முத்திரை குத்தி, கட்டி அனுப்பிவிட்டார்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் அவைத்தலைவரின் குரல்: "...தாயாரின் கண் அறுவை சிகிச்சைக்காக இன்று மூன்று மணி முதல் எனக்கு விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

உடனே மேசைகள் அதிர்ந்தன. "உழைப்பாளியின் உள்ளக் குரல்!" என்று ஓர் உறுப்பினர் தழுதழுத்தார். தீர்மானம், கடைசித் தாள் உட்பட, ஒருமனதாக நிறைவேறியது.

தட்டச்சர் கைப்பையைத் தோளில் மாட்டினாள். "சார், சபையே கொடுத்திருச்சு!"

"எங்க கொடுத்துச்சு? உனக்கு உரிமை இருக்குன்னு அங்கீகரிச்சிருக்கு. உட்காரு. எல்லா நாட்டுக்கும் அனுப்ப இருநூறு பிரதி வேணும்."

"வெட்கமா இல்லையா சார்? அங்க எங்கம்மா கண்ணுல மருந்து விட்டுப் படுக்க வெச்சிருக்காங்க!" நடைபாதைவரை கேட்டது அவள் குரல். காவலர் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்கண்ணே! அத்தனை பேரும் எனக்காகத்தானே மேசையைத் தட்டினாங்க?"

காவலர் மறுபடியும் கால் மாற்றி நின்றார்.

"தட்டுவாங்க தங்கச்சி. எட்டு வருஷம் முன்னாடி, உட்கார ஒரு நாற்காலி வேணும்னு நான் செருகின லெட்டருக்கும் இப்படித்தான் தட்டினாங்க."